அரசு வக்கீல் யாருடைய வக்கீல்?

போன மாதம் வில்லியனூரில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டோடு வெளியில் நாற்காலி போட்டு நாலைந்து கிழவர்கள் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்து நிலத்துக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார், என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அண்ணே, நீங்க கோர்ட்டுலயே காலத்தை ஓட்டுனவரு. ஒண்ணு சொல்லுங்க. இந்த அரசு வக்கீல் இருக்காரே, அவரு போலீசுக்கு வக்கீலா, கவர்மெண்டுக்கு வக்கீலா?”

“ரெண்டும் இல்ல வாத்தியாரே” என்றேன்.

“அப்ப சம்பளம் யாரு குடுக்குறா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். நான் 1976 முதல் 2009 வரை நீதிமன்றத்தில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் பெஞ்ச் கிளார்க். என் மேசைக்கு முன்னால் நின்று வாதாடிய உதவி அரசு வக்கீல்கள் எத்தனையோ பேர். ஆனாலும் வாத்தியாருக்குச் சொல்ல வேண்டிய பதில் இரண்டு வரியில் அடங்காது. அதற்கு முந்நூறு வருஷத்துக் கதை இருக்கிறது. அதில் பாதி நம் புதுச்சேரியிலேயே நடந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 1716க்குப் போவோம். அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர் நைனியப்பப் பிள்ளை. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் தந்தை திருவேங்கடம் பிள்ளைக்கு இவர் மைத்துனர். ஊரிலேயே பெரிய மனிதர். ஆளுநராக இருந்த ஹெபேர் இவரைக் கைது செய்தார். ஊரில் கலகத்தைத் தூண்டினார், மக்களைக் கொடுமைப்படுத்தினார் என்பவை குற்றச்சாட்டுகள். குற்றம் சாட்டியது ஆளுநர் தரப்பு. விசாரித்ததும் அதே தரப்பு. தீர்ப்புச் சொன்ன சபைக்குத் தலைவரும் அதே ஆளுநர். சாட்சிகள் தமிழில் சொன்னதைப் பிரெஞ்சில் எழுதி, அவர்களுக்குப் படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று பின்னால் பெரிய புகார் எழுந்தது. தண்டனை என்ன தெரியுமா? கடைத்தெருவில் வைத்து 50 கசையடி, 3 வருஷச் சிறை, அபராதம், சொத்துப் பறிமுதல். 1717இல் அவர் சிறையிலேயே இறந்துபோனார்.

பிள்ளைகள் விடவில்லை. பிரான்சு வரைக்கும் முறையீடு போனது. மூத்த மகன் குருவப்பன் கப்பல் ஏறிப் பாரிசுக்கே போனார். சில வருஷங்களுக்குள் அந்தத் தீர்ப்புத் தவறு என்று பிரான்சு ஒப்புக்கொண்டது. குருவப்பனுக்கு அங்கே செவாலியே பட்டமும் கிடைத்தது. திரும்பி வந்து அப்பா பார்த்த அதே பதவியில் உட்கார்ந்தார். ஆனால் செத்தவர் செத்தவர்தானே.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், குற்றம் சாட்டுகிறவன், விசாரிக்கிறவன், தீர்ப்புச் சொல்கிறவன் மூவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறு ஊரில் தேட வேண்டியதில்லை. மூன்றையும் பிரிக்க வேண்டும் என்பதுதான் பின்னால் வந்த எல்லாச் சட்டங்களின் அடிப்படை. தீர்ப்பைப் பிரிப்பது முதலில் நடந்தது. குற்றம் சாட்டுகிற வேலையைத் தனியாகப் பிரிப்பதுதான் இன்றைக்கும் முழுதாக முடியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் 1819இல் தங்கள் சட்டத் தொகுப்புகளை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1842இல் வந்த அரச ஆணை நீதிமன்றங்களை ஒழுங்குபடுத்தியது. அந்த முறையில் ப்ரொக்யுரேர் என்று ஒருவர் உண்டு. நம் அரசு வக்கீல் வேலையைப் பார்ப்பவர். ஆனால் அவர் வெறும் வக்கீல் இல்லை. நீதிபதிகளோடு சேர்ந்த உத்தியோகஸ்தர். பிரெஞ்சில் ‘உட்கார்ந்த நீதிபதி’, ‘நிற்கும் நீதிபதி’ என்றே சொல்வார்கள். தீர்ப்புச் சொல்கிறவர் உட்கார்ந்திருப்பார். குற்றம் சாட்டுகிறவர் எழுந்து நின்று பேசுவார். தலைமை ப்ரொக்யுரேர்தான் இங்கே நீதித்துறைக்கே தலைவர். ஆளுநரின் ஆலோசனைச் சபையிலும் அவருக்கு இடம் உண்டு. போலீஸ் அவருக்குக் கீழே நின்று சேதி சொல்லும். அவருக்கு உத்தரவு போடாது. பெரிய குற்றம் என்றால் இடையில் விசாரணை நீதிபதி என்று இன்னொருவர் இருந்து சாட்சிகளை விசாரித்து, வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார். போலீசுக்கும் தண்டனைக்கும் நடுவில் இரண்டு சல்லடை.

எங்கள் அப்பா பிரெஞ்சு காலத்தில் ஒருமுறை சாட்சி சொல்லப் போனவர். பாகூர் பக்கத்து நிலங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இந்த வரப்பு பிரெஞ்சு, அடுத்த வரப்பு இங்கிலீஷ். மாடு திருடினவன் ஒரு வாய்க்காலைத் தாண்டினால் வேறு தேசம். அப்படி ஒரு மாட்டுத் திருட்டு வழக்கு. கட்டைவண்டியில் புதுச்சேரிக்குப் போய் ஒரு நாள் பூராவும் காத்திருந்தாராம். அப்பா பின்னால் பலமுறை சொன்னது ஒரே விஷயம்தான்:

“ஜட்ஜும் பொரக்குரேரும் ஒரே கதவு வழியா வந்தாங்கடா. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கறுப்பு அங்கி. ரெண்டு பேரும் மேடை மேல. நம்ம பய மட்டும் கீழ நிக்கிறான்.”

அப்பா படிக்காதவர். ஆனால் ஒரு பெரிய விஷயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டார். பிரெஞ்சு முறையில் ப்ரொக்யுரேர் போலீசிடமிருந்து விலகி நின்றார், சரி. ஆனால் நீதிபதியோடு ஒட்டி நின்றார். அது மட்டும் இல்லை. நீதி மந்திரி சொன்னால் கேட்க வேண்டியவர். உட்கார்ந்த நீதிபதிக்குப் பிரான்சில் இருந்த பதவிப் பாதுகாப்பு நிற்கிறவருக்குக் கிடையாது. பிரான்சிலேயே இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பிரெஞ்சு ப்ரொக்யுரேரை சுதந்திரமான நீதி அதிகாரியாகக் கருத முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு 2013இல்தான், தனிப்பட்ட ஒரு வழக்கில் இப்படிச் செய் என்று மந்திரி உத்தரவு போடக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. ஆகவே “பிரெஞ்சுக்காரன் காலத்துல நீதி தங்கமா இருந்தது” என்று சொல்கிற நம்மவர்களுக்கு நான் தலையாட்டுவதில்லை. அங்கி அழகாகத்தான் இருந்தது.

1954 அக்டோபர் 18 அன்று நம் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழு மாற்றம் 1962 ஆகஸ்ட் 16. இடையில் இருந்த அந்த எட்டு வருஷமும் கோர்ட்டில் பிரெஞ்சுச் சட்டம்தான் ஓடியது. 1963 அக்டோபர் 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமும் 1898ஆம் வருஷத்துக் குற்ற விசாரணை முறைச் சட்டமும் இங்கே நடைமுறைக்கு வந்தன. ஒரே நாளில் ப்ரொக்யுரேர் போனார். விசாரணை நீதிபதியும் போனார்.

பதிலுக்கு என்ன வந்தது? அந்த 1898 சட்டம் வெள்ளைக்காரன் தன் ஆட்சிக்குத் தோதாகச் செய்துகொண்டது. அதன்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போலீஸ்காரரே வழக்கை நடத்தலாம். இந்தியாவில் பல மாகாணங்களில் பிராசிகியூட்டிங் இன்ஸ்பெக்டர் என்று காக்கிச் சட்டையிலேயே நின்று வாதாடினார்கள். கைது செய்தது போலீஸ், சாட்சியைக் கூட்டி வந்தது போலீஸ், கோர்ட்டில் எழுந்து ‘இவன்தான் குற்றவாளி’ என்றதும் போலீஸ். ஹெபேர் காலத்து மூன்றில் இரண்டு மறுபடியும் ஒன்றாகிவிட்டது.

இதை மாற்றச் சொல்லி முதலில் பலமாகப் பேசியது 1958இல் வந்த சட்ட ஆணையத்தின் 14ஆவது அறிக்கை. தலைவர் எம்.சி. செதல்வாட். போலீஸ்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தன் துறை பிடித்த ஆளை நடுநிலையோடு பார்க்க முடியாது. குற்ற வழக்கு நடத்துவதைப் போலீசிலிருந்து பிரித்துத் தனி அமைப்பாக்க வேண்டும், அதற்குத் தனி இயக்குநர் வேண்டும் என்பது அதன் சாரம். நாடாளுமன்றம் அதைக் காதில் வாங்க 15 வருஷம் ஆனது. 1973இல் புதிய குற்ற விசாரணை முறைச் சட்டம் நிறைவேறி 1974 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்தது. 24ஆம் பிரிவில் செஷன்ஸ் கோர்ட்டுக்கு பப்ளிக் பிராசிகியூட்டர். 25ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு உதவி பப்ளிக் பிராசிகியூட்டர், நாங்கள் ஏபிபி என்று சொல்வது. போலீஸ் அதிகாரியை அந்தப் பதவியில் போடக் கூடாது என்பது விதி. வேறு ஆளே கிடைக்காவிட்டால் மட்டும், அந்த வழக்கை விசாரிக்காத, இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத ஒருவர் நடத்தலாம்.

சட்டம் வந்ததால் எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. பல மாநிலங்களில் ஏபிபிக்கள் பெயருக்கு வக்கீல். ஆனால் அவர்கள் மேலதிகாரி போலீஸ் துறையில். 1995இல் மகாராஷ்டிரத்து ஏபிபிக்கள் தொடர்ந்த ஷகானே வழக்கில் உச்ச நீதிமன்றம், இவர்களைப் போலீஸ் நிர்வாகத்திலிருந்து முழுதாகப் பிரித்துத் தனித் துறை அமைக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் வந்து 21 வருஷம் கழித்து!

இன்னொரு பக்கம் அரசியல். ஆட்சி மாறினால் அரசு வக்கீல்களும் மாறுவார்கள் என்பது நமக்கெல்லாம் பழகிப்போன காட்சி. 1990இல் உத்தரப் பிரதேச அரசு ஒரே சுற்றறிக்கையில் மாநிலம் முழுக்க மாவட்ட அரசு வக்கீல்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியது. அந்த வருஷமே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இது பொதுக் காரியம் பார்க்கிற பதவி, மந்திரி இஷ்டத்துக்குத் தூக்கி எறிய முடியாது என்றது.

இந்த இடத்தில் என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை சட்டப் பிரிவுகளையும் நான் நினைவில் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

1980களின் நடுவில் நடந்தது. எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மோட்டார் கொட்டகையை உடைத்துச் செம்புக் கம்பியைத் திருடியதாக ஒரு கூலிக்காரப் பையன் மேல் வழக்கு. இருபது வயது இருக்கும். ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் நாற்பது நாள் உள்ளே இருந்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் அம்மா ஒயர் கூடையில் சோறு கட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். மகஜரில் இரண்டு சாட்சி. இருவரும் அந்த ஸ்டேஷன் வழக்கு பலவற்றிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள். எனக்கே முகம் பழக்கம்.

விசாரணை அன்று காலை ஏபிபி கட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார். பையன் தரப்பில் வக்கீல் ஒரு புதுப்பிள்ளை. ஏபிபி திடீரென்று என்னைக் கூப்பிட்டு, “இந்தச் சீட்டு கோர்ட்டுக்கு வந்த நகல்ல இருக்கா பாருங்க” என்றார். இல்லை. அது ஆஸ்பத்திரிச் சீட்டு. நாற்று நட்ட வயலில் பாம்பு கடித்து அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறான். திருட்டு நடந்ததாகச் சொன்ன ராத்திரி அவன் வார்டில் படுத்திருக்கிறான். அம்மா கொடுத்த சீட்டை வாங்கி கேஸ் டைரியில் செருகி வைத்திருக்கிறார்கள். கோர்ட்டுக்கு அனுப்பவில்லை.

அவர் நினைத்திருந்தால் அந்தத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு முதல் சாட்சியைக் கூப்பிட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டைச் சரிபார்க்க ஒரு வாய்தா கேட்டார். சரிபார்த்த பிறகு 321ஆம் பிரிவில் வழக்கைத் திரும்பப் பெறுவதாக மனு எழுதி, சீட்டையும் சேர்த்து மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தார். மாஜிஸ்திரேட் படித்துப் பார்த்து அனுமதித்தார். பையனுக்கு விடுதலை. அந்த அம்மா கும்பிட்டது நேராக மாஜிஸ்திரேட்டை. ஏபிபி யார், என்ன செய்தார் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

மூன்று மாதம் கழித்து அவருக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. புதுச்சேரி உத்தியோகஸ்தர்களுக்கு ஏனாம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. எண்ணூறு கிலோமீட்டர், பிள்ளைகள் படிப்பு, வயதான தாய் தகப்பன். அது வழக்கமான மாற்றலாகவும் இருக்கலாம். ஆனால் கோர்ட்டு வளாகத்தில் எல்லாரும் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து வந்தவர் கட்டைப் பிரித்துப் படிக்கிற வேகம் குறைந்துவிட்டது. நான் பார்த்தேன்.

வாத்தியார் கேட்டது இதைத்தான். சம்பளம் யார் கொடுக்கிறார், மாற்றல் யார் போடுகிறார்? சுதந்திரம் என்பது கடைசியில் இந்த இரண்டு கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

அந்த 321ஆம் பிரிவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வழக்கைத் திரும்பப் பெறும் அதிகாரத்தைச் சட்டம் மந்திரிக்குக் கொடுக்கவில்லை. அரசு வக்கீலுக்குக் கொடுத்தது, அதுவும் நீதிமன்றத்தின் சம்மதத்தோடு. 1977இல் பல்வந்த் சிங் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதை அழுத்தமாகச் சொன்னார்: முடிவு எடுக்கிற பொறுப்பு பப்ளிக் பிராசிகியூட்டருடையது, மேலிடத்து உத்தரவுக்குக் கையெழுத்துப் போடுகிற வேலை இல்லை. ஆனால் நடைமுறையில் இந்தப் பிரிவு கூலிக்காரப் பையன்களுக்குப் பயன்பட்டதைவிட பெரிய இடத்துக்குப் பயன்பட்டதே அதிகம். 2015 மார்ச்சில் கேரள சட்டசபையில் பட்ஜெட் நாளில் நடந்த ரகளையை டிவியில் பார்த்திருப்பீர்கள். மைக், கம்ப்யூட்டர் எல்லாம் உடைந்தன. பின்னால் ஆட்சி மாறியது. வழக்கைத் திரும்பப் பெற மனுப் போட்டார்கள். 2021 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. அடுத்த மாதமே, எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மேல் உள்ள வழக்குகளை உயர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் திரும்பப் பெறக் கூடாது என்றும் உத்தரவிட்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த ஆசை வரும் என்பதுதான் என் அனுபவம்.

நம் ஊருக்கே வந்த ஒரு பெரிய வழக்கும் இந்தக் கேள்வியைக் கிளப்பியது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் 2004 செப்டம்பரில் கொலையானார். காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் உள்பட பலர் மேல் வழக்கு. தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடக்காது என்று அவர் தரப்பு முறையிட்டதன் பேரில், 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கைச் செங்கல்பட்டிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றியது. இப்போது ஒரு சிக்கல். கோர்ட்டு புதுச்சேரியில், விசாரித்த போலீஸ் தமிழ்நாடு. அரசு வக்கீலை யார் நியமிப்பது? மறுபடியும் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008இல் பதில் வந்தது: விசாரணை எங்கே நடக்கிறதோ அந்த அரசுதான் நியமிக்க வேண்டும், அதாவது புதுச்சேரி. வக்கீல் வெளி மாநிலத்துக்காரராகக்கூட இருக்கலாம்; நியமிக்கிற கை மட்டும் புதுச்சேரியுடையது.

நான் ஓய்வு பெறப்போகிற சமயம் அது. ஊரெல்லாம் அதே பேச்சு. நியாயம் நடக்காது என்று ஒரு மாநிலத்திலிருந்து வழக்கை எடுத்துவிட்டு, அந்த மாநிலமே வக்கீலையும் அனுப்பினால் மாற்றியதற்கு அர்த்தம் என்ன என்று சாதாரண டீக்கடைக்காரருக்கும் புரிந்தது. அந்த வழக்கில் எண்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்சாட்சிகள் ஆனார்கள். 2013 நவம்பர் 27 அன்று எல்லாரும் விடுதலை. தீர்ப்பைப் பற்றி நான் பேச வரவில்லை. அரசு வக்கீலை யார் நியமிக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது, அதுவும் நம் புதுச்சேரி கோர்ட்டுக்காக என்பதைத்தான் சொல்கிறேன்.

இங்கிலாந்துக்காரன் நமக்கு 1898 சட்டத்தைக் கொடுத்தவன். அவன் ஊரில் என்ன செய்தான்? அங்கும் வெகுகாலம் போலீசே வழக்கு நடத்தியது. 1972இல் லண்டனில் மேக்ஸ்வெல் கான்ஃபெட் என்பவர் கொலையானார். மூன்று சிறுவயதுப் பையன்கள், அதில் ஒருவனுக்கு 14 வயது, போலீஸ் வாங்கிய வாக்குமூலத்தை வைத்தே தண்டிக்கப்பட்டார்கள். 1975இல் தீர்ப்பு ரத்தானது. எப்படி இது நடந்தது என்று விசாரித்தபோது, போலீஸ் கொண்டுவந்ததைத் தனியாக உட்கார்ந்து சரிபார்க்க ஆள் இல்லாதது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு ராயல் கமிஷன். அதன் பேரில் 1985இல் தனிச் சட்டம். 1986இல் போலீசிலிருந்து தனித்து நிற்கும் வழக்கு நடத்தும் துறை தொடங்கியது. இலங்கையில் சட்டமா அதிபர் அரசாங்கத்துக்கு ஆலோசனையும் சொல்லி, குற்ற வழக்கும் தொடுக்கிறார்; இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று அங்கேயும் நெடுநாளாகக் குரல் உண்டு. ஆக, இது நம் ஒரு ஊர் நோய் இல்லை.

இந்தியாவில் 2005ஆம் வருஷத்துத் திருத்தம் 25-ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. 2006 ஜூன் 23 முதல் அமல். மாநிலங்கள் குற்ற வழக்குத் தொடர்வு இயக்ககம் அமைக்கலாம். இயக்குநர் பத்து வருஷமாவது வக்கீல் தொழில் செய்தவராக இருக்க வேண்டும். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் இசைவோடு நியமிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் 20ஆம் பிரிவு. மாவட்டம் தோறும் இயக்ககம் என்கிறது. இயக்குநருக்கு 15 வருஷ அனுபவம், அல்லது செஷன்ஸ் நீதிபதியாக இருந்திருக்க வேண்டும். ஏழு வருஷத்திலிருந்து பத்து வருஷத்துக்குள் தண்டனை வரக்கூடிய வழக்குகளில் துணை இயக்குநர் போலீஸ் அறிக்கையை ஆராய்ந்து பார்க்க வேண்டும். வழக்கைத் திரும்பப் பெறுவதானால் பாதிக்கப்பட்டவரையும் கேட்க வேண்டும் என்று 360ஆம் பிரிவு சொல்கிறது. இவையெல்லாம் நல்லவை.

ஆனால் பழைய பெஞ்ச் கிளார்க்கின் கண் வேறு இரண்டு மூன்று இடத்தில் போய் நிற்கிறது. ‘அமைக்க வேண்டும்’ என்று இல்லை, ‘அமைக்கலாம்’ என்றே இன்னும் இருக்கிறது. தலைமை நீதிபதியின் இசைவு வேண்டும் என்ற வரி புதிய சட்டத்தில் காணவில்லை. இயக்குநர் உள்துறையின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் இருப்பார் என்கிறது. போலீசும் உள்துறை, வழக்கு நடத்துகிறவரும் உள்துறை. வீடு இரண்டாகப் பிரிந்தது. ஆனால் அடுப்பு ஒன்றுதான்.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார். இப்போதும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். வடம் பிடிக்க ஆயிரம் பேர் உண்டு. எல்லாருக்கும் தேர் ஓட வேண்டும். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர் சிலர்தான். எங்கே திருப்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்த்துப் போடுவார்கள். வடம் பிடிக்கிற கவர்னரே ‘கட்டையை எடு’ என்று சத்தம் போட்டாலும், சக்கரத்தை அவர்தான் பார்க்கிறார், கவர்னர் பார்க்கவில்லை. குற்ற வழக்கில் அரசு வக்கீல் வேலை அது. பெரும்பாலும் தேர் ஓடத்தான் அவரும் உழைக்கிறார். குற்றவாளி தப்பாமல் இருக்க நல்ல அரசு வக்கீல் வேண்டும், அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் ஒரு தடவை கட்டை போட வேண்டிய இடத்தில் போடாவிட்டால் சக்கரத்தில் அகப்படுவது வராந்தாவில் ஒயர் கூடையோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவின் பிள்ளை.

ஏனாமுக்குப் போன அந்த ஏபிபியைப் பல வருஷம் கழித்து ஒரு சாவு வீட்டில் பார்த்தேன். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. அந்தப் பாம்புக்கடி வழக்கை ஞாபகப்படுத்தினேன். “எது? எனக்கு ஞாபகம் இல்லையே சார்” என்றார். நடிக்கவில்லை, நிஜமாகவே மறந்திருந்தார். “சீட்டு இருந்தா கோர்ட்டுல குடுக்கத்தானே சார் வேணும்? அதுல என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டு, ஏனாமில் கோதாவரி மீன் எவ்வளவு மலிவு என்று சொல்ல ஆரம்பித்தார்.

வாத்தியாரே, இதைப் படித்தால் உங்கள் கேள்விக்கு என் பதில் இது. சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. அந்தப் பணம் உங்களுடையதும் என்னுடையதும், அந்தப் பையனுடையதும். ஆகவே அவர் நம் எல்லாருக்கும் வக்கீல். அவர் அப்படி நடந்துகொள்ள முடியும்படி, அவர் மாற்றல் உத்தரவை யார் எழுதுகிறார் என்பதைச் சட்டம்தான் இன்னும் சரியாக்க வேண்டும்.

பிரெஞ்சு காலத்துக் கோர்ட்டுக்குப் போன அனுபவம் உள்ள பெரியவர்கள் வில்லியனூர், பாகூர் பக்கம் இன்னும் சிலர் இருக்கலாம். வீட்டில் பழைய சாட்சி சம்மன், தீர்ப்பு நகல் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் பழைய காகிதக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், வந்து பார்க்கிறேன்.